மைக்ரோவேவுக்குப் பிடித்தது தண்ணீர்

பெங்களூரில் குடியேறிய தமிழ் வீடுகளில் கிரைண்டர், மிக்ஸி, குக்கர் மூன்றுக்கும் ஓய்வே கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் மைக்ரோவேவ் அவனுக்கு மட்டும் காலையில் பால், ராத்திரியில் மிச்சக் குழம்பு என்று இரண்டே வேலை. மற்ற நேரமெல்லாம் அதன் தலையில் பிஸ்கட் டப்பாவும் மாத்திரைப் பையும் குடியிருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வருகிறது. "கதிர்வீச்சாமே, எதுக்கு வம்பு?" என்பது ஒன்று. "ஆசையா வாங்கினோம், தோசை சவக் சவக்குனு ஆயிடுது" என்பது இன்னொன்று. இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான். அந்தப் பெட்டி எதைச் சூடாக்குகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தெரிந்துவிட்டால் என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சமையல் குறிப்புப் புத்தகம் இல்லாமலே நாமே கண்டுகொள்ளலாம்.

இந்த ஊருக்கும் மைக்ரோவேவ் அலைக்கும் பழைய உறவு உண்டு. அதற்கு முன் பெட்டி பிறந்த கதை. மைக்ரோவேவ் அவனின் இதயம் மேக்னட்ரான் என்ற குழல். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக வளர்ந்த பொருள் அது. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் அதைச் சக்தி வாய்ந்ததாக ஆக்கினார்கள். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், ஓடிக்கொண்டிருந்த மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகிப்போனதைக் கவனித்தார். 1945-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947-இல் வந்த முதல் அவன் ஆள் உயரம், எடை 340 கிலோவாம். இதற்கெல்லாம் அரை நூற்றாண்டு முன்பே, 1895-இல், கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதைவிடவும் குட்டையான அலைகளைச் சுவரைத் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்துக் காட்டியிருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்ட ஊர்களில் முக்கியமானது பெங்களூர். ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-இல் தொடங்கியது. ரேடார் குழல்களை ஆராயும் பாதுகாப்புத் துறை ஆய்வு மையமும் அதே வளாகத்தில்தான் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் மைக்ரோவேவ் ஆராய்ச்சியை வளர்த்தவர்களில் ஒருவர் ராஜேஸ்வரி சாட்டர்ஜி. கர்நாடகத்தின் முதல் பெண் பொறியாளர் என்று அறியப்படுபவர். மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று 1953-இல் திரும்பி வந்து, கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜியுடன் சேர்ந்து இந்த அலைகளையும் ஆண்டெனாக்களையும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் வாழ்ந்த ஊரிலேயே, அதே அலை சமையலறைக்குள் வந்ததும் நாம் பயப்படுகிறோம் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, பெட்டிக்குள் என்ன நடக்கிறது? மைக்ரோவேவ் ஒரு வகை ரேடியோ அலை. வீட்டு அவனில் அது வினாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை லேசாக நேர் மின்னேற்றமும் மறுமுனை எதிர் மின்னேற்றமும் கொண்டது. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்பப் பார்க்கிறது, பக்கத்து மூலக்கூறுகளோடு மோதுகிறது. அந்த மோதல்தான் சூடு. உப்பு கரைந்திருந்தால் இன்னும் நன்றாகச் சூடாகும். எண்ணெய் அந்த அளவுக்கு அலையை வாங்காது. காய்ந்த கண்ணாடி, பீங்கான் அநேகமாக வாங்கவே வாங்காது. சாப்பாட்டின் சூடு ஏறித்தான் பாத்திரம் சுடுகிறது.

உள்ளிருந்து வெளியே வேகும் என்று சொல்வது சரியில்லை. பெரும்பாலான சாப்பாட்டில் அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்கு மேல் சூடு மெதுவாகத்தான் உள்ளே பரவ வேண்டும். ஆனால் இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. பூரணக் கொழுக்கட்டையைச் சூடாக்கிப் பாருங்கள். மேல்மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே வெல்லம் நாக்கைச் சுட்டுவிடும். வெல்லமும் ஈரமும் சேர்ந்த பூரணம் அலையை நன்றாக வாங்குகிறது. மேல்மாவின் சூடோ ஆவியாகப் போய்விடுகிறது. கொழுக்கட்டையைச் சூடாக்கி எடுத்தால் இரண்டு நிமிடம் ஆறவிட்டுத்தான் குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

அடுத்து கதிர்வீச்சு பயம். எக்ஸ்ரேயும் அணுக்கதிரும் மூலக்கூறுகளை உடைக்கும் வலு கொண்டவை. மைக்ரோவேவின் ஒரு துகளில் அதற்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அது சாப்பாட்டைச் சூடாக்குமே தவிர, வேறு எதுவாகவும் மாற்றாது. கதவைத் திறந்த நொடியில் மேக்னட்ரான் நின்றுவிடும். விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்காததுபோல, சோற்றில் அலை எதுவும் தங்காது. கதவில் தெரியும் ஓட்டைத் தகட்டைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்கு மேல். அந்தப் பொடி ஓட்டை வழியாக வெளிச்சம் வரும், அலை வராது. கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வரம்பு. கொஞ்சம் தள்ளி நின்றாலே அது மளமளவென்று குறைந்துவிடும். கதவு சரியாக மூடாத, கீல் ஆட்டம் கண்ட, ஓரம் துருப்பிடித்த அவனை மட்டும் உபயோகிக்காதீர்கள். பழுதுபார்க்க நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நிற்கும்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. யாராவது பால் சூடாக்கினால் வீடியோ கால் திக்குகிறதே, அப்படியென்றால் அலை வெளியே கொட்டுகிறது என்றுதானே அர்த்தம்? கொஞ்சம் கசிகிறது, உண்மைதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அவனின் அலைவரிசையும் ஒன்று. அவன் 800 வாட்டில் ஓடுகிறது. ரௌட்டர் பேசுவதோ 0.1 வாட் அளவில். அவ்வளவு மெல்லிய குரலைக் கெடுக்க, பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கும் கசிவே போதும். ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தொந்தரவு தீரும்.

நம் வீட்டில் உண்மையான தடை பாத்திரம். நம்முடையது எவர்சில்வர் சமையலறை. உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் வைத்த சாம்பார் சூடாகாது, முட்கரண்டி முனையிலும் அலுமினியத் தாள் மடிப்பிலும் பொறி பறக்கும். கெட்டிக் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, மூடியோடு, வாங்கி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தங்க விளிம்பு போட்ட பீங்கான் வேண்டாம். மெலமைன் தட்டில் பரிமாறலாம், சூடாக்கக் கூடாது. ஹோட்டல் பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். சூடு தாங்கும் வகை. ஆனாலும் எண்ணெய் மிதக்கும் குருமாவை அதிலேயே கொதிக்க விடாமல் கண்ணாடிக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடேறி டப்பாவை உருக்கிவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். மறுசூடு என்பது எல்லோரும் செய்வது, அநேகமாக எல்லோரும் தப்பாகவே செய்வது. தட்டின் நடுவில் சோற்றைக் குவித்து, முழு வேகத்தில் மூன்று நிமிடம் வைத்தால் ஓரம் விறைத்துப்போகும், நடு சில்லென்று இருக்கும். பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்பும்போது சில இடத்தில் பலமாகவும் சில இடத்தில் ஒன்றுமில்லாமலும் நிற்கின்றன. அதற்காகத்தான் தட்டு சுற்றுகிறது. தட்டின் மையம் மட்டும் இடம் மாறுவதே இல்லை. ஆகவே சோற்றை வளையமாகப் பரப்பி நடுவில் பள்ளம் விடுங்கள். ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, லேசாக இடைவெளி விட்டு மூடி, ஒரு நிமிடம் ஆனதும் கிளறி, மறுபடி ஒரு நிமிடம். பிறகு மூடியபடியே இரண்டு நிமிடம் விடுங்கள். சூடு அந்த நேரத்தில்தான் சமமாகப் பரவும். இட்லிக்கு இதே கதைதான்: தண்ணீர் தெளித்து, ஈர மெல்லிய துணி போர்த்தி, நான்கு இட்லிக்கு ஒரு நிமிடம். கடையில் அவித்து இறக்கிய மாதிரி வரும். சப்பாத்திக்கு ஈரத் துணிக்குள் 15, 20 வினாடி போதும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வடித்த சோற்றை ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிட்டுக் காலையில் "நல்லா சூடு பண்ணிட்டேன்" என்று சாப்பிடுவது தப்பு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போது சாவதில்லை. சோறு அறைச் சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு எந்த அடுப்பின் சூட்டுக்கும் அசையாது. வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மட்டும் மறுநாள் சூடாக்குங்கள்.

தோசை ஏன் சவக்கென்று ஆகிறது? ஈரம் இருக்கும் வரை சாப்பாட்டின் சூடு தண்ணீர் கொதிக்கும் நிலையைத் தாண்டாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தோசை முறுகவும் வெங்காயம் சிவக்கவும் 140 டிகிரி பக்கம் வேண்டும். அது தோசைக்கல்லின் வேலை. தாளிப்பும் அப்படித்தான், எண்ணெய் அலையை அவ்வளவாக வாங்காது, கடுகு வெடிக்க நெடுநேரம் காத்திருந்து சலித்துப்போவீர்கள். கரண்டியும் அடுப்பும் இரண்டு நிமிடத்தில் முடிக்கிற காரியத்துக்கு மைக்ரோவேவை இழுக்க வேண்டியதில்லை. துவரம் பருப்புக்கும் குக்கர்தான்.

காய் வேகவைப்பதில் இதற்கு இணை இல்லை என்பேன். பொடியாக நறுக்கிய பீன்ஸ் 200 கிராம், இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், மூடிய கண்ணாடிக் கிண்ணம், நாலைந்து நிமிடம். நிறம் மாறாமல் வெந்திருக்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டும்போது போகும் வைட்டமின் சி இதில் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பிறகு அடுப்பில் தாளித்து, தேங்காய் தூவிப் புரட்டினால் பொரியல் தயார். உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் முள்கரண்டியால் நாலாபக்கமும் குத்திவிட்டு வைக்க வேண்டும். தோலுக்குள் ஆவிக்கு வழி இல்லையென்றால் வெடிக்கும். ஓட்டோடு முட்டையை வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான். வெளியே எடுத்த பிறகு கையில் வெடித்து முகம் வெந்தவர்கள் உண்டு.

ஈரத்தைப் போக்குவது இன்னொரு வேலை, இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. அப்பளம் எண்ணெய் இல்லாமல் 40 வினாடியில் பொரியும்; பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். கட்டுக் கட்டாக வாங்கி வாடவிடும் கறிவேப்பிலையைக் கழுவி, துடைத்து, பருத்தித் துணியில் பரப்பி ஒரு நிமிடம், பிறகு 30 வினாடியாக வைத்துப் பாருங்கள். பச்சை மாறாமல் கையில் நொறுங்கும். பக்கத்திலேயே நில்லுங்கள், காய்ந்த பிறகும் விட்டால் தீப்பிடிக்கும். வேர்க்கடலை ஒரு கப் என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி மூன்று நான்கு நிமிடம். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் அது சிவந்துகொண்டே இருக்கும், எனவே கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உடைத்த தேங்காய் மூடியை ஒரு நிமிடம் வைத்து ஆறவிட்டால் ஓட்டிலிருந்து பத்தை பெயர்ந்து வரும். பூண்டு 15 வினாடியில் தோலை விடும், எலுமிச்சை அதே நேரத்தில் இளகிச் சாறு கூடுதலாகத் தரும்.

எனக்கு மிகவும் பிடித்த உபயோகம், அவனை ஓட்டாமலே அவனை உபயோகிப்பது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இங்கே வந்த குடும்பத்தின் முதல் டிசம்பரில் ஒரு புலம்பல் கேட்கும்: மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. அரிசியைக் குறை சொல்வார்கள், உளுந்தை மாற்றுவார்கள். காரணம் ராத்திரிக் குளிர். டிசம்பர், ஜனவரியில் இங்கே விடிகாலை 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மாவைப் பொங்கவைக்கும் லியூகோநாஸ்டாக் வகை பாக்டீரியாக்கள் 30 டிகிரி பக்கம்தான் சுறுசுறுப்பாக இருக்கும். கம்பளியால் சுற்றிப் பார்ப்பார்கள்; தன்னிடம் சூடு இல்லாத மாவைப் போர்த்தி என்ன பயன்?

ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, கொதிக்கும் வரை அவனை ஓட்டுங்கள். டம்ளரை உள்ளேயே ஓரமாக நகர்த்திவிட்டு, பாதி அளவே நிரப்பிய மாவுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வையுங்கள். கதவை மூடிவிடுங்கள். அவ்வளவுதான். காற்று அதிகம் புகாத அந்தப் பெட்டியில் கொதித்த தண்ணீரின் சூடும் ஈரமும் நெடுநேரம் நிற்கும். படுக்கப் போகுமுன் மாவை வெளியே எடுத்து, தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்து, பழையபடி வைத்துவிடுங்கள். விடிந்ததும் மூடியைத் திறந்தால் மாவு மேலே ஏறி, குமிழ் விட்டு, அந்தப் புளிப்பு வாசனையோடு இருக்கும். அவன் ஓடாததால் எவர்சில்வர் பாத்திரமும் பரவாயில்லை. ஆனால் காலையில் தூக்கக் கலக்கத்தில் யாராவது உள்ளே பார்க்காமல் பொத்தானை அழுத்திவிடுவார்கள். "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, கைக்குழந்தையின் பால். வேலைக்குப் போகும் தாய்மார்கள் தாய்ப்பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துப் போகிறார்கள். அதைச் சூடாக்குவது பாட்டியோ பணிப்பெண்ணோ. மைக்ரோவேவில் வைத்த பாட்டில் வெளியே தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும் பால் இருக்கலாம். அது பிஞ்சு வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை நிறுத்திச் சூடாக்குவதுதான் வழி, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இன்னொன்று, வழவழப்பான டம்ளரில் தனித் தண்ணீர். குமிழ் எழும்ப ஒரு பிடிமானம் இல்லாததால் கொதிநிலையைத் தாண்டியும் அமைதியாகவே இருக்கும்; காபித் தூளைப் போட்டதும் மொத்தமாகச் சீறி மேலே அடிக்கும். ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள், எடுக்குமுன் அரை நிமிடம் பொறுங்கள். மாவுக்காகத் தண்ணீர் கொதிக்க வைக்கும்போதும் இதை மறக்க வேண்டாம்.

கரண்ட் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 800 வாட் என்று எழுதியிருக்கும் அவன் சுமார் 1,200 வாட் இழுக்கும். தினமும் 20 நிமிடம் ஓட்டினால் மாதத்துக்கு 12 யூனிட். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இலவச மின்சாரம் உண்டு, உச்ச வரம்பு 200 யூனிட். ஆனால் உங்கள் பழைய சராசரியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் பில்லை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைவிட முக்கியமானது பிளக். பழைய வாடகை வீடுகளின் சமையலறையில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றே ஒன்று இருக்கும், அதில் ஃப்ரிட்ஜ் இருக்கும். அவனை மாற்றுப் பிளக் போட்டு 6 ஆம்பியர் பாயிண்டில் செருகுவார்கள்; கன்வெக்‌ஷன் மாடல் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும்போது பாயிண்ட் கருகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோடு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் பிறகு பேச்சு வராது. கேக் சுடுவதும் கிரில் செய்வதும் உங்கள் வீட்டு வழக்கம் இல்லையென்றால் கன்வெக்‌ஷனுக்குப் பணம் போடவே வேண்டாம். மேலே சொன்ன அத்தனைக்கும் 20 லிட்டர் சோலோ மாடலே தாராளம். வாங்கப் போகும்போது மாவைப் பொங்கவைக்கும் பாத்திரத்தின் உயரத்தை அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்.